கூலிப் பட்டியலும் கைத்திறனும்

கூட்டுறவுச் சங்கத்தின் அலமாரியில் என்னென்ன இருத்தல் வேண்டும் என்று கேட்டால் நம் அங்கத்தினர்கள் தயங்காமல் விடை கூறுவர்: ரொக்கப் புத்தகம், பேரேடு, நூல் இருப்புப் பதிவேடு, கூலிப் பதிவேடு, தீர்மானப் புத்தகம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஆய்வுக்கு வரும் எம்போன்றோர் குறிப்பு எழுதாமல் எழுந்திருப்பதில்லை. ஆனால் அதே சங்கத்து அங்கத்தினரின் கைகளில் பல தலைமுறையாகத் தங்கியிருக்கும் ஒரு சொத்தினைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கூட இராது. அது இருப்பில் ஏறுவதில்லை. மறைந்தாலும் நஷ்டக் கணக்கில் எழுதப்படுவதில்லை. அச்சொத்துதான் கைத்திறன். நம் மாவட்டத்தில் எண்ணிக்கையில் சிறிய சமூகங்கள் காத்துவந்த கைத்தொழில்களை, சிறப்பாகப் பரமக்குடி, எமனேசுவரம் ஆகிய ஊர்களில் நடக்கும் சௌராஷ்டிர நெசவினை, இம்மாதப் பாடத்திற்குரிய பொருளாக எடுத்துக்கொண்டுள்ளோம்.

சௌராஷ்டிரரைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வாசகரில் பலர் அச்சமூகத்தினரே. எனினும் கடற்கரைப் பகுதியிலிருந்து இவ்விதழைப் படிக்கும் விவசாய அங்கத்தினர்க்காகச் சில செய்திகளைக் கூறுவோம். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியைப் பூர்விகமாக உடையவர்கள் இவர்கள். விஜயநகர அரசின் வழியே தெற்கு நோக்கி நகர்ந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்றனர். தமிழ் மக்கள் இவர்களைப் பட்டுநூல்காரர் என்று நெடுங்காலம் அழைத்து வந்தனர். மதுரை, பரமக்குடி, திண்டுக்கல், சேலம், கும்பகோணம் எனப் பல ஊர்களில் தறியோடு பரவிய இவர்களது வீட்டுமொழி வடநாட்டு மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. வந்த வழியெல்லாம் மராத்தி, தெலுங்கு, தமிழ்ச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அம்மொழியைத் தாய்மொழியாகப் பதிந்தோர் ஏறத்தாழ 2 இலட்சத்து 47 ஆயிரம் பேர். நூற்றிருபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் கொண்ட தேசத்தில் இது சிறு தொகைதான். சித்திரைத் திருவிழாவில் பரமக்குடி சுந்தரராஜப் பெருமாள் கள்ளழகராக எழுந்தருளி வைகையில் இறங்கும் நாளன்று கரையில் நின்று பார்த்தவர்க்கு, அச்சிறு தொகையினர் இந்த மண்ணோடு எவ்வளவு கலந்து போயினர் என்பது விளங்கும்.

கூட்டுறவாளர்கள் அறிந்திருக்க வேண்டிய பழைய கல்வெட்டு ஒன்று உண்டு. இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மந்தசோரில் கி.பி. 473-ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது அது. குஜராத்தின் தென்பகுதியாகிய இலாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று, தன் தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு சூரியனுக்குக் கோயில் எடுப்பித்ததையும், அது பழுதுற்றபோது மீண்டும் புதுக்கியதையும் அக்கல்வெட்டு கூறுகிறது. அந்நெசவாளர் தம் முன்னோர் என்பது சௌராஷ்டிரர் வழக்கு. அதனினும் நம் கவனத்தைக் கவர்ந்தது வேறொரு செய்தி. குழுவினரில் சிலர் வில்வித்தைக்கும், சிலர் கதை சொல்வதற்கும், சிலர் சோதிடத்திற்கும் போய்விட்டனர் என்று கல்வெட்டே சொல்லுகிறது. பிள்ளைகள் தறியை விட்டுப் போகிறார்களே என்ற முறையீடு ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமை உடையது போலும்! ஆனால் அவர்கள் போன பின்னும் குழு கலையவில்லை. கோயில் புதுக்கும் நாளில் அது ஒரே குழுவாகவே நின்றது. தொழில் மாறுவதைத் தடுக்க எக்காலத்திலும் எவராலும் இயன்றதில்லை. மீந்திருப்போர் கையில் தொழில் தாழாதபடி பார்த்துக்கொள்ளவே ஒரு குழுவினால் இயலும்.

இனி இன்றைய நிலை. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20-இல் நடைபெற்றது. நாடெங்கும் நெசவாளரும் துணைத் தொழிலாளரும் சேர்ந்து சுமார் 35.2 இலட்சம் பேர் என்று அது காட்டிற்று. பத்தாண்டுகட்கு முந்திய கணக்கெடுப்பில் இத்தொகை 43.3 இலட்சமாக இருந்தது. எட்டு இலட்சம் பேர் பத்தாண்டில் தறியை விட்டு விலகினர். பரமக்குடியில் தறிச்சத்தம் கேட்ட தெருக்களில் இன்று அது எத்தனை வீட்டில் கேட்கிறது என்பதை அங்குள்ள அங்கத்தினர் நம்மைக் காட்டிலும் நன்கு அறிவர்.

இதற்குக் காரணம் கூறுவோர் பலர். விசைத்தறி என்பர் சிலர். நாகரிகம் என்பர் சிலர். இளைஞர்க்குப் பொறுமையில்லை என்பர் முதியோர். இவை ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் நுட்பமான வேலைப்பாடுகள் முதலில் மறைவதற்கும், எளிய சேலை நெசவு சிறிது காலம் தாக்குப்பிடிப்பதற்கும் உரிய காரணத்தை நாம் வேறோர் இடத்தில் கண்டோம். அது சங்கத்தின் கூலிப் பட்டியல்.

கணக்காகவே பார்ப்போம். எளிய கரையுள்ள சேலையை ஒருவர் 3 நாளில் நெய்து 1,050 ரூபாய் கூலி பெறுகிறார் என வைத்துக்கொள்வோம். கரையிலும் முந்தியிலும் வேலைப்பாடு மிகுந்த சேலைக்கு 5 நாள் ஆகிறது. பட்டியலில் அதற்குக் கூலி 1,400 ரூபாய். நிர்வாகக் குழுவினர் பட்டியலைப் பார்த்து, ‘வேலைப்பாட்டுக்கு 350 ரூபாய் அதிகம் தருகிறோமே’ என்று திருப்தியடைவர். நெசவாளர் வீட்டு அடுப்படியில் கணக்கு வேறுவிதமாக ஓடும். எளிய சேலையில் நாளொன்றுக்கு 350 ரூபாய். வேலைப்பாட்டுச் சேலையில் 280 ரூபாய். மாதம் 25 நாள் நெய்தால் முன்னதில் 8,750, பின்னதில் 7,000. தம் பாட்டனார் நெய்த கரையைத் தாமும் நெய்ய விரும்புகிறவர் அவ்விருப்பத்திற்காக மாதந்தோறும் 1,750 ரூபாய் அபராதம் கட்டுகிறார்! அவர் மனைவியோ தாயாரோ தார் சுற்றிக் கொடுத்த நேரம் இரு கணக்கிலும் சேரவில்லை. நூலின் நிறம் அடிக்கடி மாறும் வேலைப்பாட்டுக்குத் தாரும் அதிகம் என்பதை வீட்டுப் பெண்கள் நன்கறிவர். இந்நிலையில் நுட்பமான வேலையை விட்டுவிட்டு எளிய சேலைக்கு மாறுகிறவரைக் குறை கூற யாருக்கு நா எழும்?

நாட்கூலி சமமாக வேண்டுமெனில் வேலைப்பாட்டுச் சேலைக்கு 1,750 ரூபாய் தரல் வேண்டும். ‘விலை ஏறும், சேலை தேங்கும்’ என்று காரியதரிசி அஞ்சுவார். அச்சம் நியாயமானதே. ஆயினும் நூறு சேலையில் பத்துச் சேலை மட்டுமே இவ்வகை என்று சங்கம் வரையறுத்தால், கூடுதற் செலவு 3,500 ரூபாய். அதனை மற்றத் தொண்ணூறு சேலைகளின் மேல் பரப்பினால் சேலைக்கு 39 ரூபாய் விழும். ஒரு சமூகத்தின் நூற்றாண்டுக் கைத்திறனைக் காக்கும் செலவு, இவ்வுதாரணத்தின்படி, சேலை ஒன்றுக்கு 39 ரூபாய். இத்தொகையைச் சங்கம் தாங்குமா, வாங்குவோர் தாங்குவரா, இருவரும் பங்கிடுவரா என்பதைப் பொதுக்குழுதான் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்காமல் விடுவதும் ஒரு தீர்மானமே. அதன் செலவு முழுவதையும் நெசவாளர் தனியே தாங்குகிறார்.

மதுரைச் சுங்கடியின் கதை இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. சுங்கடியும் சௌராஷ்டிரரின் கைவண்ணமே. பருத்திச் சேலையை மடித்து, புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலால் இறுகக் கட்டுவர். பிறகு சாயத்தில் தோய்த்து உலர்த்தி, முடிச்சுகளை இழுத்து அவிழ்த்தால் புள்ளிகள் வெண்மையாய்த் தோன்றும். இம்முடிச்சு வேலையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே செய்தனர். மெழுகு அச்சும், அதன் பின்னர்ச் சட்ட அச்சும் வந்தன. ஒரு பெண் பல நாள் இருந்து கட்டிய புள்ளிகளை அவை ஒரு பொழுதில் துணியில் இறக்கின. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் மதுரைச் சுங்கடிக்கு 2005-இல் குறியீடு கிடைத்தது. பெயர் காக்கப்பட்டது. முடிச்சுக் கட்டும் விரல்களுக்கு அதனால் கூலி உயர்ந்ததா? சந்தையில் சுங்கடி என்ற பெயரில் இன்று விற்பவற்றுள் பெரும்பகுதி அச்சிட்டவையே. வாங்குவோர் ஒன்றை அறிந்துகொள்ளலாம். கையால் கட்டிய புள்ளி முழு வட்டமாய் இராது; அதன் ஓரத்தில் சாயம் கசிந்திருக்கும்; புதுச்சேலையில் துணி அவ்விடத்தில் சற்றுச் சுருங்கிப் புடைத்து நிற்கும். ஒன்றுபோல் ஒன்று அமைந்த புள்ளி அச்சுப் புள்ளி.

குறியீடு வேண்டாமென்று நாம் கூறவில்லை. நீலகிரித் தோடர்களின் பூத்தையலுக்கு 2013-இலும், நம் மாவட்டத்து விவசாயிகளின் இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இலும் அது கிடைத்தது. அதற்கான பதிவகம் நம் மாநிலத் தலைநகராகிய சென்னையிலேயே உள்ளது. உற்பத்தியாளரின் சங்கமே விண்ணப்பிக்கலாம். பதிவு பத்தாண்டு செல்லும், பின்னர்ப் புதுப்பிக்கலாம். ஆனால் குறியீட்டுக்கான விண்ணப்பத்தில் செய்முறையை எவ்வளவு துல்லியமாக எழுதுகிறோமோ அவ்வளவுதான் அதனால் காவல். கைத்தறிக்கென்று சில இரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தன்மையதே. முதலில் 22 இரகங்கள், பிற்பாடு 11. சேலை அதில் இன்றும் உண்டு. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என விற்பவரைக் கண்டு புகார் எழுதும் வேலை ஏதாவதொரு சங்கம் முன்வந்தாலன்றி நடப்பதில்லை.

இனி நமது தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்பாடத்தை எழுத நேர்ந்ததற்கே அதுதான் காரணம்.

நாம் இவ்வுத்தியோகத்திற்கு வந்த புதிதில் நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட்டோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டாம். பற்றுச்சீட்டுகளில், ‘பழைய சேலை இரண்டு வாங்கிய வகையில் ரூ. 4,500’ என்று ஒன்று இருந்தது. இது என்ன என்று கேட்டோம். முதிய நெசவாளர் ஒருவர் தம் திருமணக் காலத்தில் நெய்த சேலைகள் என்றும், அக்கரையை இப்பொழுது நெய்வார் இல்லாததால் மாதிரிக்காக வாங்கினோம் என்றும் காரியதரிசி கூறினார். துணைவிதியில் இத்தகைய செலவுக்கு இடமுண்டா என்றோம். இல்லை என்றார். நிர்வாகக் குழுத் தீர்மானம் உண்டா என்றோம். வாய்மொழியாகப் பேசினோம் என்றார். பட்டப்படிப்பின் சூடு ஆறாத வயது நமக்கு. ‘சங்கத்தின் நோக்கத்திற்குப் புறம்பான செலவு, உரியவரிடமிருந்து வசூலிக்கத் தக்கது’ என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டு, அன்று மாலையே பேருந்து ஏறிவிட்டோம். விதிப்படி அக்குறிப்பில் பிழையில்லை. காரியதரிசி சேலைகளைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்துப் பணத்தைச் சங்கத்தில் கட்டிவிட்டார்.

மூன்றாண்டு கழித்து மீண்டும் அங்குச் சென்றோம். அதற்குள் வெளியூர்க் கொள்முதலாளர் ஒருவர் பழைய நிழற்படம் ஒன்றைக் கொணர்ந்து, ‘இந்தக் கரையில் ஐம்பது சேலை வேண்டும், விலை பற்றிக் கவலையில்லை’ என்று கேட்டிருந்தார். அதே கரைதான். பெரியவர் காலமாகி ஓராண்டாகியிருந்தது. சேலைகளைத் தேடிப் போனால், பழைய ஜரிகை வாங்க வருவோரிடம் வீட்டார் அவற்றைப் போட்டுவிட்டனர். வெள்ளிக்காக உருக்கப்பட்டுவிட்ட சேலையில் இழையை எண்ணுவது எங்ஙனம்? காரியதரிசி நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. ‘ஐயா எழுதின குறிப்பு இதோ இருக்கிறது’ என்று கோப்பைத் திறந்து வைத்தார், அவ்வளவே. ஐம்பது சேலைக்கான கூலி அத்தெருவுக்கு வந்திருக்க வேண்டியது, வரவில்லை.

அன்று நாம் எழுதியிருக்க வேண்டியது வேறு. ‘மாதிரிகள் வாங்குவதற்குத் துணைவிதியில் இடமில்லை, அடுத்த பொதுக்குழுவில் திருத்தம் கொணர்க’ என்று எழுதியிருந்தால் விதியும் நின்றிருக்கும், சேலையும் நின்றிருக்கும். ஆகவே சங்கங்களுக்கு நாம் கூறுவது: மாதிரி வாங்குதலையும் தொழில் பயிற்றுதலையும் நோக்கங்களில் ஒன்றாகத் துணைவிதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிகர இலாபத்திலிருந்து பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையை இதற்குப் பயன்படுத்தலாம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் எழுதி, உரிய ஒப்புதல் பெறுங்கள். அதன்பின் எம்போன்ற இளம் ஆய்வாளர் எவர் வந்தாலும் உங்கள் பற்றுச்சீட்டில் கை வைக்க இயலாது.

மாதிரிப் பதிவேடு ஒன்றைத் தொடங்குவது பெருஞ்செலவன்று. ஒவ்வொரு கரைக்கும் இரண்டு பக்கம் போதும். ஒரு பக்கத்தில் கட்டத்தாள். ஒவ்வோர் இழையும் ஒரு கட்டமாகக் கரை முழுவதும் குறிக்கப்பட வேண்டும். மறுபக்கத்தில் நூலின் இலக்கம், பாவிழை எத்தனை, அச்சின் எண், ஊடை நிறம், ஜக்கார்டு அட்டை எத்தனை, நெய்ய ஆன நாட்கள் ஆகியவை. நாட்களை எழுத மறவாதீர்கள். கூலி நிர்ணயிக்கும் போது உங்களுக்காக வாதாடப் போவது அந்த ஓர் எண்தான். இயன்றால் ஒரு முழ நீளமாவது அக்கரையை நெய்து, உப்புக்காற்றும் பூச்சியும் அணுகாமல் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் இட்டு வைத்த ஜரிகை கறுத்துப்போனதைப் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றும் எழுதப்பட வேண்டும். கரையின் பெயர், தறியுறுப்பின் பெயர், செய்முறையின் பெயர் ஆகியவற்றை முதியோர் வீட்டுமொழியில் எவ்வாறு வழங்குகிறார்களோ அவ்வாறே குறிக்க வேண்டும். சௌராஷ்டிர மொழியின் பல ஒலிகளுக்குத் தமிழில் தனியெழுத்து இல்லை. ஆதலால் தமிழில் எழுதி, பக்கத்தில் சௌராஷ்டிர எழுத்திலும் எழுதுவது நலம். அவ்வெழுத்து 2008 முதல் கணினிக்கான உலகப் பொதுக் குறியீட்டில் இடம்பெற்றுள்ளது. கைப்பேசியில் பெரியவரின் குரலையே பதிந்து வைப்பது அதனினும் எளிது. தனி மொழி, எழுத்து, பண்பாடு உடைய எப்பகுதி மக்களுக்கும் அவற்றைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டென நம் அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வுரிமையை நீதிமன்றத்தில் மட்டும் செலுத்த வேண்டுமென்பதில்லை. நாற்பது ரூபாய்க் குறிப்பேட்டிலும் செலுத்தலாம்.

பழகுவோரைப் பற்றி ஒரு சொல். கற்கும் பிள்ளை முதல் ஆறு மாதம் நெய்வதில் குற்றம் இருக்கத்தான் செய்யும். குற்றமுள்ள சேலைக்குக் கூலி பிடிக்கும் விதியை அப்பிள்ளைக்கும் பொருத்தினால், கற்பதற்கே அது தண்டம் கட்டுகிறது. கற்பிக்கும் முதியவரோ தம் தறியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் அமர்கிறார். அவருக்கும் அன்றைய கூலி இல்லை. இவ்விரு இழப்பையும் ஈடுசெய்யாத பயிற்சித் திட்டம் சுவரொட்டியோடு நின்றுவிடும். ஜப்பானியர் இதனை முன்னரே உணர்ந்தனர். பண்பாட்டுச் சொத்துகளுக்கென்று 1950-இல் அவர்கள் சட்டம் இயற்றி, 1955 முதல் தேர்ந்த கைவினைஞரையே தேசத்தின் செல்வமாக அறிவித்து வருகின்றனர். அவ்வாறு அறிவிக்கப்பட்டவர்க்கு ஆண்டுதோறும் 20 இலட்சம் யென் அரசு தருகிறது. அத்தொகை அவர் தம் கலையைத் தேர்ச்சி குறையாமல் பேணவும், அடுத்தவர்க்குக் கற்பிக்கவும் ஆனது. நம் சங்கத்திற்கு இலட்சங்கள் வேண்டா. கற்பிக்கும் நாளுக்கு நாட்கூலி தந்தால் போதும்.

கடற்கரைப் பகுதி அங்கத்தினர், ‘தறியைப் பற்றியே பேசுகிறீர், எங்கள் பனை எங்கே?’ என்று கேட்கக்கூடும். சாயல்குடி முதல் இராமேசுவரம் தீவு வரை மணலில் நிற்பது பனைதானே. இக்கடற்கரையூர்களில் ஓலைப்பெட்டி, கொட்டான், பாய், விசிறி முடையும் பெண்களின் கைத்திறன் சௌராஷ்டிரர் கரை வேலைக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. இதில் நெசவுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு: மூலப்பொருள் விவசாயியின் மரத்தில் இருக்கிறது. முடைவதற்கு இளங்குருத்து வேண்டும். குருத்தை மேன்மேலும் வெட்டினால் மரம் நலியும். ஆகவே எந்த வடலியில் எவ்வளவு வெட்டலாம், எத்தனை நாள் விட்டு மறுபடி வெட்டலாம் என்பதை மரத்துக்காரரும் முடைவோரும் கூடிப் பேசி முடிவு செய்தாக வேண்டும். இருதரத்தாரும் ஒரே சங்கத்தில் அங்கத்தினராயின் இப்பேச்சு எளிதில் முடியும்; வெவ்வேறாயின் இடையில் ஒரு தரகர் தோன்றுவார்.

முன்பு கருப்பட்டி ஓலைக் கொட்டானில் கட்டுண்டு சந்தைக்குச் சென்றது. பிறகு பிளாஸ்டிக் பை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டரசு தடைசெய்தது. 2021-இல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என அறிவித்தது. மரமும் இருக்கிறது, முடைவோரும் இருக்கின்றனர், பொதிவதற்குப் பண்டமும் இருக்கிறது. கருப்பட்டி விற்கும் சங்கம் முடைவோரிடம் ஆண்டு முழுவதற்கும் இத்தனை ஆயிரம் கொட்டான் என்று முன்கூட்டி ஒப்பந்தம் செய்தால், அப்பெண்கள் சுற்றுலாப் பயணியின் தயவை எதிர்பார்த்து இராமேசுவரம் வீதியில் நிற்க வேண்டியதில்லை. அழகுப் பொருளாக ஆண்டுக்கு நூறு விற்பதைக் காட்டிலும் பயன்பொருளாகப் பத்தாயிரம் விற்பதே கையைப் பழக்கத்தில் வைத்திருக்கும். அவ்வாறு பழகிய கையே நுட்பமான பெட்டியையும் முடையும்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையைப் பாருங்கள். லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர் தாமிரபரணிக் கோரையைப் பட்டுப்போல் நுண்ணிழையாகக் கிழித்துப் பாய் நெய்கின்றனர். 1953-இல் இங்கிலாந்து அரசியின் முடிசூட்டு விழாவுக்கும் அப்பாய் சென்றது. அரண்மனைக்குச் சென்ற பாய் ஊருக்குப் புகழைத் தந்தது. வீட்டுக்கு அரிசி தந்தது கலியாணப் பாயும் தினசரிப் படுக்கைப் பாயுமே. கடல் கடந்தும் ஓர் உதாரணம் கூறலாம். பனாமா நாட்டின் குனா என்னும் பழங்குடிப் பெண்கள் துணியின்மேல் துணி அடுக்கி வெட்டித் தைக்கும் ‘மோலா’ வேலைக்குப் பெயர் பெற்றவர்கள். 1960-களிலேயே அவர்கள் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டனர். அங்குள்ள பழங்குடியினரின் கூட்டு உரிமையைக் காக்கப் பனாமா அரசு 2000-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியது. 2019-இல் வெளிநாட்டுக் காலணி நிறுவனம் ஒன்று மோலா உருவைக் கேளாமல் எடுத்துக்கொண்டபோது, குனா மக்களின் எதிர்ப்பினால் அக்காலணியை வெளியிடாமலே கைவிட்டது. தனித்தனிப் பெண்ணாக இருந்திருந்தால் அக்குரல் அங்கு எட்டியிருக்குமா?

மேற்கூறிய சங்கத்திற்கே திரும்புவோம். ஐம்பது சேலை போன பின்பு அங்கு மாதிரிப் பதிவேடு தொடங்கினார்கள். துணைவிதித் திருத்தத்தை எழுதிக் கொடுத்தவர் நாமே. காலஞ்சென்ற பெரியவரின் தங்கையார் ஒருவர் இருக்கிறார், எண்பதைக் கடந்தவர். இளம் வயதில் அண்ணனின் தறியில் துணையாக அமர்ந்தவர். அவரிடம் சென்று கரையைப் பற்றிக் கேட்டோம். ‘தம்பி, வாயால் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, தறியில் உட்கார வை, கை சொல்லும்’ என்றார். அவ்விதமே பேத்தியின் தறியில் அமர்த்தினர். குழியில் கால் எட்டவில்லை. பேத்தி கீழே மிதித்தாள், பாட்டியார் மேலே இழை எடுத்தார். நான்கு நாளில் கரையின் கீழ்ப்பாதி கட்டத்தாளில் ஏறிவிட்டது: ஓரத்தில் ஒற்றை வரிசை உருத்திராட்சம், அதன்மேல் தாழம்பூ ரேக்கு. அதற்கு மேல் மயிற்கண் என்பது நினைவிருக்கிறது. கண் எத்தனை இழையில் திரும்புகிறது என்பது கைக்கு வரவில்லை.

பரமக்குடி, எமனேசுவரம் பகுதிகளில் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இத்தகைய கரையுள்ள பழைய பருத்திச் சேலை இருப்பின், கிழிந்திருந்தாலும் கறைபட்டிருந்தாலும், தம் சங்கத்துக் காரியதரிசியிடம் காட்டுமாறு வேண்டுகிறோம். இழையை எண்ணி, நிழற்படம் எடுத்துக்கொண்டு, அன்று மாலையே சேலை உரியவரிடம் திருப்பித் தரப்படும்.